சாமி நடந்த முப்பத்தேழு மீட்டர்

“எங்க வீட்டுச் சாமி, தன் கோயிலைத் தானே தலைல தூக்கி வச்சுக்கிட்டு, முப்பத்தேழு மீட்டர் மேற்கால நடந்துபோய், கரண்டுக்கு வழிவிட்டு உக்காந்துக்கிட்டார்.”

அனார்கிரோஸ் இதைச் சொல்லிவிட்டு ஊசோச் சாராயத்தில் ஒரு மடக்குக் குடித்தார். குடித்தபடியே குவளையின் விளிம்புக்கு மேலாக, ஏதென்ஸிலிருந்து வந்த அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். அதிகாரி சிரிக்கவில்லை. எழுதவும் இல்லை.

“ஐயா, நான் இதை அறிக்கையா எழுதிக் கொடுக்கணும்.”

“எழுதுங்க. ‘நடந்துபோய்’ங்கிறதுக்குக் கீழ ஒரு கோடு போடுங்க.”

ஸ்கார்னோஸ் தீவின் ஜனத்தொகை எழுநூறு. அன்றைக்குத் துறைமுகக் காப்பிக்கடையில் ஆயிரத்து இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி கிடைக்காதவர்கள் படகுகளில் உட்கார்ந்து காதைக் கரைக்கு நீட்டியிருந்தார்கள். பாதிரியார் காலினிகோஸ் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். மூலை மேசையில் அனார்கிரோஸின் தங்கை எவாந்தியா, மூக்கில் பிராணவாயுக் குழாயோடும், காலடியில் சக்கரம் வைத்த சின்னச் சிலிண்டரோடும். அவள் பக்கத்தில், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்தபடி அவள் புருஷன் மிக்கேஸ்.

மிக்கேஸ் முப்பது வருஷம் தீவின் டீசல் மின்நிலையத்தில் ஃபோர்மேன். கடல் உப்புக் கரிக்கிறது என்றால்கூட விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார். மானியில் முள் காட்டாத எதையும் அவர் வாழ்நாளில் நம்பியதில்லை. அனார்கிரோஸோடு அவர் பேசி இருபத்தாறு நாளாகிவிட்டது.

“இந்த ஊர்ல இதை நம்பாதவங்க யாராவது இருக்காங்களா?” என்று அதிகாரி கேட்டார்.

ஆயிரத்து இருநூறு விரல்கள் மிக்கேஸின் முதுகை நோக்கி நீண்டன.

அனார்கிரோஸ் குவளையைக் கீழே வைத்தார். அந்த முதுகு திரும்பி என்ன சொல்லுமோ, அதில்தான் எல்லாம் இருந்தது. அந்த முதுகுக்கு அவர் செய்திருந்த துரோகமும் அதில்தான் இருந்தது.

*

கரண்டு கம்பியில் வருகிறது என்று நினைக்கிறவர்கள் பாமரர்கள். அது காகிதத்தில் வருகிறது. ஏதென்ஸில் மின்சாரத்துக்கு விதி எழுதுவதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. அனார்கிரோஸ் அங்கே முப்பத்துநாலு வருஷம் உட்கார்ந்து எழுதினார். அவர் பேனாவைக் கீழே வைத்தால் நாடே இருண்டுவிடும் என்று அவரே பல பேரிடம் சொல்லியிருக்கிறார்.

கடைசி வருஷத்தில்தான் பேட்டரி வந்தது. கைக்கடிகாரத்துக்குப் போடுவது அல்ல. கப்பல் கண்டெய்னர் அளவு பேட்டரி, காற்று வீசும்போது கரண்டைக் குடித்து வைத்துக்கொண்டு, காற்று அடங்கும்போது கக்குவது. வந்த உடனே அலுவலகத்தில் சண்டை. இந்தப் பிராணி கரண்டை வாங்குகிறதா, விற்கிறதா? வாங்குகிறவன் கட்டணத்தை ஒருமுறையும் விற்கிறவன் கட்டணத்தை ஒருமுறையும் அதன் தலையில் கட்டலாமா? எட்டு மாதம் அடித்துக்கொண்டார்கள். அனார்கிரோஸ்தான் மேசையைத் தட்டி, “இது வாங்குறவனும் இல்ல, விக்கிறவனும் இல்ல, தனிப் பிறவி! ஒரே மாட்டுக்கிட்ட ரெண்டு தடவ பால் கறக்காதீங்கடா!” என்று ஜெயித்தார். அந்த விதி நாட்டுக்கு நல்லது செய்தது. அதைப் பற்றி அவர் இன்றைக்கும் நாலு மணிநேரம் பேசுவார்.

பேசாதது, அதே விதியில் இருந்த பதினொன்றாம் பிரிவைப் பற்றி.

அது அவருடைய கடைசி வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்குத் தீவுக்குக் கப்பல். பெட்டி மேசைக்கடியில் தயாராக இருந்தது. தீப்பிடித்தால் ஆபத்து இல்லாதபடி மக்கள் கூடும் கட்டடத்திலிருந்து பேட்டரி எத்தனை தூரம் தள்ளி இருக்கவேண்டும்? நடுவில் தீத்தடுப்புச் சுவர் கட்டினால் அறுபது மீட்டர் போதும் என்று வல்லுநர்கள் கணக்குப் போட்டு எழுதியிருந்தார்கள். அனார்கிரோஸ் அறுபதைப் பார்த்தார். ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? விதியை இறுக்கியதற்காக எந்த அதிகாரியையும் எவனும் இதுவரை கேள்வி கேட்டதில்லை. அறுபதை அடித்தார். முந்நூறு என்று எழுதினார். சினிமாக் கொட்டகை, அங்காடி, பள்ளிக்கூடம் எல்லாம் மனதில் ஓட, ‘ஆண்டுக்கு ஒருமுறையேனும் மக்கள் கூடும் எந்தக் கட்டடமும்’ என்று சேர்த்தார். கையோடு ஒரு பூட்டும் போட்டார்: தூரத்தைச் சரிக்கட்டுவதற்காகவே ஒரு கட்டடத்தை இடிப்பதோ நகர்த்துவதோ செல்லாது. பிறகு ஓடிப்போய்க் கப்பலைப் பிடித்தார். மேல்தளத்தில் நின்று, காற்று வாங்கிக்கொண்டு, பொரித்த கணவாய் தின்றார்.

அந்தக் கணவாய் மூன்று வருஷமாக அவர் வயிற்றில் செரிக்கவே இல்லை.

*

ஸ்கார்னோஸில் ஆட்டைவிடக் கோயில் அதிகம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாமி, ஒவ்வொரு சாமிக்கும் வெள்ளையடித்த ஒரு சின்னக் கோயில், அதில் வருஷத்துக்கு ஒரு திருவிழா. ஆக, வருஷத்துக்கு ஒருமுறை மக்கள் கூடும் கட்டடம். தீவில் அப்படி இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தன. அங்கே பிறந்து வளர்ந்த மனிதர், ஏதென்ஸில் உட்கார்ந்து அந்த வரியை எழுதியபோது, ஒன்றைக்கூட நினைக்கவில்லை. தன் குடும்பக் கோயிலைக்கூட.

இரண்டு கோடைக்கு முன்னால் பதினாலு வெள்ளைப் பேட்டரிக் கண்டெய்னர்கள் கப்பலில் வந்து இறங்கின. கூடவே தோம்னா என்ற பொறியாளர். அவள் தீவின் வரைபடத்தில் ஒவ்வொரு கோயிலையும் நடுவில் வைத்து முந்நூறு மீட்டருக்கு வட்டம் போட்டாள். போட்டு முடித்தபோது தீவு செதில் வைத்த மீன் மாதிரி ஆகிவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு இடம் மிச்சமில்லை. துணை மின்நிலையத்துக்குப் பின்னால் இருந்த கல்தரை மட்டும் ஒரே ஒரு கோயிலின் வட்டத்துக்குள் விளிம்பில் மாட்டியிருந்தது. அந்தக் கோயிலுக்கும் அதற்குக் கிழக்கே இருந்த கல்தரைக்கும் இருநூற்று அறுபத்தைந்து மீட்டர். முப்பத்தைந்து குறைந்தது.

அது புனித ஃபனூரியோஸ் கோயில். அனார்கிரோஸ், எவாந்தியா குடும்பத்துக் கோயில்.

ஃபனூரியோஸ் தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற சாமி. மறைந்ததை வெளியே கொண்டுவருகிற சாமி. அவருக்குத் திராட்சையும் வால்நட்டும் பட்டையும் போட்டு எண்ணெயில் கேக் சுட்டு, கேட்டால் காட்டிக் கொடுப்பார். காணாமல் போன சாவியிலிருந்து ஓடிப்போன மாப்பிள்ளை வரை. தீவில் வேறு இருநூற்றுப் பதினோரு சாமிகள் இருக்க, அனார்கிரோஸின் குறுக்கே வந்து நின்றது இவர்.

கண்டெய்னர்கள் துறைமுகத்திலேயே தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. பூனைகள் குட்டி போட்டன. அந்தக் குட்டிகள் குட்டி போட்டன. காப்பிக்கடையில் தினமும் ஒரே பேச்சு.

“முந்நூறு மீட்டர் எழுதின அந்தக் கழுதை யாரு?”

“ஏதென்ஸ்ல உக்காந்து ஏசிக் காத்து வாங்கறவன்.”

“அவன் கை அழுகணும்.”

“சரியாச் சொன்னே, அழுகணும்!” என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னது அனார்கிரோஸ். சொல்லிவிட்டுக் கையை மேசைக்கடியில் கொண்டுபோய்த் தேய்த்துப் பார்த்துக்கொள்வார். பதினாலு கண்டெய்னரும் பதினாலு பல் மாதிரி அவரைப் பார்த்து இளிக்கும். அதனால் அவர் கடலுக்குப் போகும் வழியையே மாற்றிக்கொண்டார். புது வழி நாற்பது நிமிஷம் சுற்று.

*

போன வருஷம் ஆகஸ்டில் வந்தது அந்த வெக்கை. கல்லின்மேல் மீன் தானே வறுபட்டது. கோழிகள் அவித்த முட்டை இட்டன. பகல் பதினொரு மணிக்கு டீசல் எந்திரம் ஒரு இருமல் இருமி நின்றது. அவ்வளவுதான், தீவு முழுக்கக் கரண்டு போயிற்று. மலைமேல் காற்று பேய்த்தனமாக அடித்தது. ஐந்து காற்றாலைகளும் சும்மா நின்றன. தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாவிட்டால் அவற்றால் தாமாகக் கரண்டு தர முடியாது. தாங்கிப் பிடிக்கவேண்டியவை துறைமுகத்தில் பூனை வளர்த்துக்கொண்டிருந்தன.

நுரையீரல் கெட்டுப்போயிருந்த எவாந்தியாவின் பிராணவாயு எந்திரம் ஒரு நீளமான கூவலோடு அணைந்தது.

மிக்கேஸ் கதவைக் கழற்றினார். கதவில் அவளைப் படுக்கவைத்து, தலைப்பக்கம் மிக்கேஸும் கால்பக்கம் அனார்கிரோஸுமாக, இருநூற்று முப்பது படி இறங்கினார்கள். அவள் உதடு கத்தரிப்பூ நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. அந்த நிலையிலும், “அண்ணே… கதவை… மறுபடி… மாட்டிருவீங்கல்ல?” என்றாள்.

“பேசாதடீ!”

“அந்த முந்நூறு மீட்டர்காரன் மட்டும் என் கைல கிடைக்கட்டும்,” என்று மிக்கேஸ் அழுதுகொண்டே படி இறங்கினார். “இந்தக் கதவுலயே அவனைக் கட்டிக் கடல்ல விடுவேன். விடுவனா இல்லயா, சொல்லு மச்சான்!”

“விடு மாப்ளே. நான் கயிறு தரேன்,” என்றார் அனார்கிரோஸ்.

ஆஸ்பத்திரியில் சிலிண்டர் இருந்தது. அவள் பிழைத்தாள். ஆனால் அதற்கப்புறம் நாலு படிக்குமேல் ஏற முடியவில்லை. வீட்டை விட்டு வெளியே வந்தால் சிலிண்டரை இழுத்துக்கொண்டுதான். அதன் சக்கரம் ஒன்று கீச்சிடும். தெருவின் அந்த முனையில் கீச்சுச் சத்தம் கேட்டாலே அனார்கிரோஸ் எண்ணெய்க் குப்பியோடு ஓடிவருவார். எண்ணெய் போடுகிறேன் என்று பத்துமுறை போட்டுவிட்டார். கீச்சு போகவில்லை. அவருக்கு மட்டும்தான் அது கேட்கிறது என்று எவாந்தியா சொன்னாள்.

பழைய அலுவலகத்துக்குப் பன்னிரண்டு கடிதம் எழுதினார். பதில் ஒன்று வந்தது: மறுபரிசீலனைக்கு இரண்டு வருஷம் ஆகும், அதுவரை தூரம் தூரமே. தோம்னாவின் அனுமதியோ இந்தச் செப்டம்பரோடு காலாவதி. அதற்குள் இடம் கிடைக்காவிட்டால் பதினாலு கண்டெய்னரும் வேறு தீவுக்குப் போய்விடும். கோயிலை நகர்த்தலாம் என்றால், செல்லாது என்ற பூட்டு. அந்தப் பூட்டையும் போட்டவர் அவரே. சாவி செய்ய மறந்திருந்தார்.

ஒரே ஒரு வழி இருந்தது. சாமியே நகர்ந்தால்?

அந்தப் பக்கத்துத் தீவுகளில் இது புதிதல்ல. கோயில் எங்கே வேண்டும் என்று சாமிதான் சொல்வார். சொல்கிற விதம், படம் வைத்த இடத்தில் இருக்காது, பிடித்த இடத்தில் போய் நிற்கும். மூன்று முறை நின்றால் அங்கே கோயில். யாரும் எதிர்த்துப் பேசமுடியாது, பிஷப்பே ஆனாலும்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு மதியம், மூன்று மணிக்கு, தீவு முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிற நேரத்தில், அறுபத்தொன்பது வயது மனிதர் ஒருவர் வெள்ளித் தகடு போட்ட சாமி படத்தைப் பெண்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் மாதிரி தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினார். முப்பத்தாறு தப்படி. அங்கே புளியங்காய் மாதிரி காய் தொங்கும் ஒரு கரூப மரம். படத்தைச் சாய்த்து வைத்தார். “மன்னிச்சிரும்,” என்றார். சாமி கையில் மெழுகுவத்தியோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஊரே கூடியது. மணி அடித்துப் படத்தைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்கள். பத்துநாள் கழித்து மறுபடி கரூப மரத்தடியில் சாமி. கிழவிகள் மண்டியிட்டார்கள். அனார்கிரோஸ் எல்லாருக்கும் முன்னால் மண்டியிட்டார். முழங்காலில் கல் குத்தியது, குத்தட்டும் என்று விட்டுவிட்டார்.

மிக்கேஸ் மட்டும் சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

“முப்பத்தாறு,” என்றார். “சாமி நாடா வச்சு நடக்கறாரோ?”

“சாமியைக் கேலி பண்ணாதே மாப்ளே.”

“கேலி இல்ல மச்சான், கணக்கு. தோம்னா அளந்தது நேர்ச்சுவர்லேர்ந்து. பலிபீடத்துக்குப் பின்னால சுவர் ஒரு மீட்டர் கிழக்கால பிதுங்கி இருக்கே, அதை யாரு சேக்கறது? முப்பத்தாறுன்னா சரியா முந்நூறு, ஒரு விரல்கூட மிச்சம் இல்ல. ஏதென்ஸ்காரன் வந்து நாடாவை இழுத்துப் பிடிச்சான்னா போச்சு. நிஜச் சாமியா இருந்தா முப்பத்தேழு நடந்திருப்பார்.”

ஊர் அவரைப் பார்த்துத் த்தூ த்தூ த்தூ என்று மூன்றுமுறை துப்பியது. அனார்கிரோஸும் துப்பினார். ஆனால் உள்ளுக்குள் அவருக்கு, இந்த மனுஷன் என் அலுவலகத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

*

ஆகஸ்ட் இருபத்தேழு, திருவிழா. கோயில் முற்றத்தில் பந்தல். துளசிச் செடிக் கொத்துகளுக்கு நடுவே ஒரு பீடத்தில் சாமி படத்தை வெளியே வைத்திருந்தார்கள். இன்னொரு முறை நகர்ந்தால் கோயிலைப் பிரித்து அங்கே கட்டிவிடலாம் என்று பாதிரியார் காலினிகோஸ் பூசையில் அறிவித்தார். அன்று மதியம் மூன்று மணிக்கு முடிந்துவிடும் என்று அனார்கிரோஸ் கணக்குப் போட்டிருந்தார்.

பூசை முடிந்ததும் எவாந்தியா கேக்கைப் பிரித்தாள். அதைச் சுடுவதற்கு அவளுக்கு ஒரு நாள் ஆகியிருந்தது. மாவு கலக்கிற அளவுக்கு மூச்சு இல்லாததால், எட்டுமுறை உட்கார்ந்து உட்கார்ந்து செய்திருந்தாள்.

“இந்தத் தடவ என்ன தொலைச்சே?” என்று யாரோ கேட்டார்கள்.

“ஒண்ணும் தொலைக்கல. அந்த முந்நூறு மீட்டர் எழுதினவன் யாருன்னு காட்டிக் குடுன்னு வேண்டிக்கிட்டேன்.”

கூட்டம் கைதட்டியது. அவள் முதல் துண்டை அண்ணனிடம் நீட்டினாள்.

“சாப்பிடுங்கண்ணே. வால்நட் நிறையப் போட்டிருக்கேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “சாமி எனக்காகத்தான் நடக்கறார் அண்ணே. நான் மூச்சு விடணும்னு. என்னை மாதிரி ஒருத்திக்காக ஒரு சாமி எழுந்து நடக்கறார்னா… ராத்திரியெல்லாம் அழுதேன், தெரியுமா?”

அனார்கிரோஸ் ஒரு வாய் கடித்தார். உலகத்தில் இதுவரை சுட்ட கேக்குகளிலேயே அதுதான் நல்ல கேக். மென்றார். விழுங்க முடியவில்லை. கீச், கீச் என்று சக்கரம் அவர் காதுக்குள் சுற்றியது. அவளுக்குக் கெட்டது செய்தது ஒரு பாவம். இப்போது அவள் நம்பிக்கையையும் திருடிக்கொண்டிருக்கிறார், பட்டப்பகலில், தப்படி எண்ணி.

வாயில் கேக்கோடேயே சொன்னார்: “நான்தான்.”

“என்ன நீங்க?”

“முந்நூறு. நான்தான் எழுதினேன். அறுபதுன்னு இருந்தது. கப்பலுக்கு நேரமாச்சு, எவனும் என்னைக் கேள்வி கேட்கக்கூடாதுன்னு முந்நூறாக்கினேன்.” விழுங்கினார். “படத்தைத் தூக்கிட்டுப் போனதும் நான்தான். ரெண்டு தடவையும்.”

சிள்வண்டுகூட நின்றுவிட்டது. அனார்கிரோஸ் பின்னாளில் சொன்னபடி, கடல் அலையும் நின்றது. மூன்று நிமிஷம்.

எவாந்தியா அவரைப் பார்த்தாள். உதடு துடித்தது. அவள் அழப்போகிறாள் என்று நினைத்தார். அவள் சிரித்தாள். மூச்சு வாங்க வாங்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

“வாய்ல வச்சதை… முழுங்கறதுக்குள்ள… கேக்கு வேலை செஞ்சிருச்சே!” பிறகு சிரிப்பு வடிந்துபோயிற்று. “ஏண்ணே என்கிட்ட சொல்லல? ஒரு வருஷமா என் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டீங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே?”

அவர் மிச்சக் கேக்கையும் வாயில் போட்டுக்கொண்டார்.

மிக்கேஸ் எழுந்தார். அடிப்பார் என்று அனார்கிரோஸ் எதிர்பார்த்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“கதவோட அந்த முனையைப் பிடிச்சியே,” என்றார் மிக்கேஸ். “கயிறு தரேன்னியே.”

அவ்வளவுதான் சொன்னார். எவாந்தியாவின் சிலிண்டரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அவளைக் கழுதைமேல் ஏற்றி, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

பாதிரியார் நெடுநேரம் தாடியைத் தடவினார். “அப்ப சாமி நகரல,” என்றார். “கோயில் இருக்கற இடத்துலயே இருக்கும். கேட்டுக்குங்க எல்லாரும்.” பிறகு அனார்கிரோஸின் காதைப் பிடிக்காத குறையாக, “நீ என்கூட வா. எங்க வீட்ல நாலு மூட்டை பாதாம் உடைக்காமக் கிடக்கு. பாவத்தைப் பாதாமோட சேத்து உடை. நான் எதிர்ல உக்காந்து பாக்கறேன்.”

*

அந்த மதியம் அனார்கிரோஸ் பதினேழாயிரம் பாதாம் உடைத்தார். பாதிரியார் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினார். ஒவ்வொரு கொட்டைக்கும் அனார்கிரோஸ் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். பொய்யாகவாவது ஒரு வழி இருந்தது. உண்மையைச் சொல்லி அதையும் அடைத்தாயிற்று. இனி கண்டெய்னர்கள் கப்பலேறும். அடுத்த ஆகஸ்டில் வெக்கை வரும். இருநூற்று முப்பது படி. தன் மனபாரத்தை இறக்கி வைத்தது, மறுபடியும் தங்கையின் நெஞ்சின்மேல்தான்.

ஐந்தரைக்கு மாலைப் பூசை மணி அடிக்க ஆள் போனான். மணி அடிக்கவில்லை. கத்தல்தான் கேட்டது.

ஓடினார்கள். பீடத்தில் துளசி மட்டும் இருந்தது. கரூப மரத்தைத் தாண்டி ஓர் எட்டு தள்ளி, ஒரு பாறையின்மேல் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார் ஃபனூரியோஸ்.

“இவன்தான்!” என்று பத்துப் பேர் அனார்கிரோஸின் சட்டையைப் பிடித்தார்கள்.

“விடுங்க,” என்றார் பாதிரியார். அவர் முகம் வெளுத்திருந்தது. “இவன் என் கண்ணு முன்னாலயே இருந்தான். பாதாம் இருக்கு, எண்ணிப் பாருங்க.”

தோம்னா நாடாவை இழுத்தாள். “முப்பத்தேழு,” என்றாள்.

கிழவிகள் அலறிக்கொண்டு தரையில் விழுந்தார்கள். அனார்கிரோஸ் மட்டும் பாறைக்குக் கிட்டப் போனார். வெள்ளித் தகட்டின் கீழ் ஓரத்தில், சாமியின் கால்பக்கமாக, ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. கறுப்பாக, மசகெண்ணெயில். முப்பது வருஷம் டீசல் எந்திரத்தில் ஊறி, எந்தச் சோப்புக்கும் போகாத விரல். தீவில் அப்படி ஒரே ஒரு விரல்தான் உண்டு.

எதையும் நம்பாத மனிதர், மனைவியைக் கழுதையில் ஏற்றிக் கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு, கொளுத்துகிற வெயிலில் தனியாக மலையேறி வந்திருக்கிறார். அளந்து, ஒரு மீட்டர் கூடச் சேர்த்து.

அனார்கிரோஸ் குனிந்து படத்தை முத்தமிட்டார். முத்தமிட்டபடியே சட்டைக் கையால் அந்த ரேகையை அழுத்தித் துடைத்தார். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் வழிந்தது. பக்தி என்று ஊர் நினைத்துக்கொண்டது.

மறுநாளே கோயிலைப் பிரித்தார்கள். தோம்னா ஒவ்வொரு கல்லுக்கும் சுண்ணக்கட்டியால் எண் போட்டாள். தீவே கல் சுமந்தது. நொண்டிகள் சுமந்தார்கள், கைக்குழந்தைகள் கூழாங்கல் சுமந்தன. அனார்கிரோஸ் மட்டும் தனியாக ஒன்பது டன் சுமந்தார். மிக்கேஸ் கூரையில் நின்று சுவர் நேராக இருக்கிறதா என்று பார்த்தார். மேலிருந்து கல்லை வாங்கும்போது கையை நீட்டுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு வார்த்தை பேசவில்லை. அனார்கிரோஸும் அந்த ரேகையைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. அவர் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டு செய்த ஒரே நல்ல காரியம் அது.

*

“ஐயா,” என்றார் அதிகாரி, மிக்கேஸின் முதுகைப் பார்த்து. “பதினொன்றாம் பிரிவுப்படி, தூரத்துக்காகக் கட்டடத்தை நகர்த்தியிருந்தா என்னால கையெழுத்துப் போடமுடியாது. இவர் இப்படிச் சொல்றார். ஊரே தலையாட்டுது. நீங்க நம்பாதவர்னு சொல்றாங்க. நீங்க சொன்னா நான் எழுதிக்கறேன்.”

மிக்கேஸ் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். தார்ப்பாயின்மேல் ஒரு பூனை எழுந்து சோம்பல் முறித்தது. எவாந்தியாவின் குழாயில் காற்று போகிற சின்ன உஸ் மட்டும்.

மெதுவாகத் திரும்பினார். அதிகாரியைப் பார்க்கவில்லை. இருபத்தாறு நாளைக்குப் பிறகு முதல்முறையாக அனார்கிரோஸைப் பார்த்தார்.

“இவன் பெரும் பொய்யன்,” என்றார்.

அனார்கிரோஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

“கோயிலைத் தலைல தூக்கிட்டுப் போனார்ங்கறது பொய். கோயிலைச் சுமந்தது நாங்க, என் முதுகு இன்னும் வலிக்குது. இவன் ஒன்பது டன் சுமந்தேன்னு சொல்வான், அதுவும் பொய், மூச்சு வாங்க உக்காந்த நேரம்தான் அதிகம்.” கையில் உருட்டிக்கொண்டிருந்த மணிமாலையை மேசையில் வைத்தார். கட்டைவிரலைக் கால்சட்டையில் ஒருமுறை தேய்த்துக்கொண்டார். “ஆனா சாமி நகர்ந்தாரா?”

எவாந்தியா அவர் கையின்மேல் கையை வைத்தாள்.

“நகர்ந்தார்,” என்றார் மிக்கேஸ். “நானே அளந்தேன். முப்பத்தேழு மீட்டர். நடந்துதான் போனார், எழுதிக்குங்க.”